அப்பா கண்ணாடியை மறந்துவிட்டுப் போய்விட்டாராம்

மேடம், வணக்கம்.

நான் குமுளியில் இருந்து எழுதுகிறேன். சொந்த ஊர் கம்பம். கல்யாணமாகி மலை ஏறி வந்து பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஏலக்காய் ஸ்டோரில் காய் தரம் பிரிக்கும் வேலைக்குப் போகிறேன். என் வீட்டுக்காரர் ஜீப் ஓட்டினார். விடியற்காலையில் கீழே இறங்கிப் போய்த் தோட்ட வேலைக்கு வரும் பெண்களை ஏற்றி வருவார், சாயங்காலம் திரும்பக் கொண்டுபோய் விடுவார். கார்த்திகை பிறந்துவிட்டால் சாமிமாரை ஏற்றிக்கொண்டு பம்பைக்கு டிரிப். சீசன் முடிகிறவரை அவர் வீட்டில் படுத்த ராத்திரிகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

ஆறு மாசத்துக்கு முன்னால், வைகாசியில், மழை பிடித்த வாரம் அது. ராத்திரி நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அவருக்கு வயது 43.

எங்களுக்கு ஒரே மகள். ஒன்பது வயது, நாலாம் வகுப்பு. வருகிற மாசியில் பத்து ஆகிவிடும். அன்றைக்கு ராத்திரி அவள் தூங்கிக்கொண்டிருந்தாள். விடிவதற்குள் சொந்தக்காரர்கள் அவளை எழுப்பி, பல்கூட விளக்க விடாமல், கம்பத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குக் கூட்டிப் போய்விட்டார்கள். பிள்ளை பார்த்தால் பயந்துவிடும் என்றார்கள். எது சரி, எது தப்பு என்று யோசிக்க எனக்கு அப்போது தெம்பில்லை. சுருளியில் சாம்பல் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் அவளை வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள்.

வந்ததும் “அப்பா எங்கம்மா?” என்றாள். நான் வாயைத் திறப்பதற்குள் என் மாமியார் அவளை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, “அப்பா ஐயப்பன்கிட்ட போயிட்டான் தாயி. சாமி கூப்பிட்டுக்கிருச்சு” என்றார். அவள் தலையை ஆட்டினாள். அழவே இல்லை. கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டுப் பிள்ளைகளோடு பாண்டி ஆடப் போய்விட்டாள். பெற்ற அப்பன் போய்விட்டான், இவளுக்கு விளையாட்டா என்று அன்றைக்கு எனக்கு வயிறெரிந்தது. இதை எழுதக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

அவர் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். ஊரையே மலைக்குக் கூட்டிப் போகிறவருக்குத் தன் பிள்ளையைக் கூட்டிப் போக நேரம் வாய்க்கவில்லை. “பத்து வயசுக்குள்ள ஒரு தடவ ஒன்னைய மாளிகைப்புறமா கூட்டிட்டுப் போயிருவேன்” என்பார். மாலை போட்டு மலைக்குப் போகிற பெண்களை அப்படித்தான் கூப்பிடுவார்கள். ஒவ்வொரு வருஷமும் அது அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். கடைசி நாள்கூட அவள் அதைத்தான் கேட்டு, சத்தியம் பண்ணச் சொல்லி அடம்பிடித்தாள். அவர் களைப்பில் சத்தம் போட்டார். அவள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு, அவரோடு பேசாமலே படுத்துவிட்டாள்.

தீபாவளிக்கு நாத்தனார் வீட்டில் எல்லாரும் சேர்ந்து ‘மாளிகப்புரம்’ படம் பார்த்தோம். 2022 கடைசியில் மலையாளத்தில் வந்து, பிறகு தமிழிலும் வந்த படம். நீங்கள் பார்த்திருக்காவிட்டால் சுருக்கமாகச் சொல்கிறேன். எட்டு வயது கல்லுவுக்குச் சபரிமலைக்குப் போக ஆசை. கூட்டிப் போகிறேன் என்று சொன்ன அப்பா, கடன்காரர் அவமானப்படுத்தியதில் மனம் உடைந்து உயிரை மாய்த்துக்கொள்கிறார். பிறகு கல்லு, கூடப் படிக்கும் பையனோடு, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறி மலைக்குக் கிளம்பிவிடுகிறாள். பிள்ளை கடத்துகிறவன் ஒருவன் பின்னாலேயே வருகிறான். உன்னி முகுந்தன் வந்து காப்பாற்றிச் சன்னிதானம் வரை கூட்டிப் போகிறார். அவரைத்தான் ஐயப்பன் என்று அந்தப் பிள்ளைகள் நம்புகிறார்கள்.

வீடே அழுதது. அவர் போன பிறகு நான் வாய்விட்டு அழுததும் அன்றைக்குத்தான். மகள் மட்டும் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். படம் முடிந்ததும் ஒன்றே ஒன்று கேட்டாள்: “நம்ம அப்பாவுக்கும் கடன் இருந்துச்சாம்மா?” ஜீப்புக்குத் தவணை கட்டிக்கொண்டிருந்தது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் சொந்தக்காரர்கள் முன்னால் கேட்கிறாளே என்று “வாய மூடு” என்று அதட்டிவிட்டேன். அதற்குப் பிறகு அவள் எதுவுமே கேட்பதில்லை.

கார்த்திகை பிறந்ததும் எங்கள் ஊர் எப்படி மாறிவிடும் என்று தெரிந்திருக்கும். எங்கே பார்த்தாலும் கறுப்பு வேட்டி, சரண கோஷம், சிப்ஸ் கடை வாசலெல்லாம் வண்டிகள். போன வாரம் அவளுடைய ஸ்கூல் பையைத் துவைக்க எடுத்தேன். அடியில் ஒரு மூட்டை. அவர் போன சீசனில் கட்டிய கறுப்பு வேட்டியில் ஒரு துண்டைக் கிழித்து, இரண்டு பக்கமும் முடிந்து வைத்திருந்தாள். இருமுடியாம். ஒரு முடிச்சில் சின்னத் தேங்காய், ஒரு பிடி அரிசி, சூடம், உண்டியலில் இருந்து எடுத்த 140 ரூபாய். இன்னொரு முடிச்சில் அவருடைய மூக்குக்கண்ணாடி, கைக்குட்டையில் பத்திரமாகச் சுற்றி. கூடவே நோட்டில் கிழித்த ஒரு சீட்டு. “அப்பா நான் இனிமே கேக்க மாட்டேன். வாங்கப்பா.”

கண்ணாடியை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன். “அப்பா மறந்துட்டுப் போயிட்டாங்கம்மா. அது இல்லாம ராத்திரியில வண்டி ஓட்ட முடியாதுல்ல” என்றாள், எனக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி. எனக்குக் கை காலெல்லாம் ஆடிவிட்டது.

என் கணவரின் அண்ணன் மாலை போட்டிருக்கிறார். “தம்பி கொடுத்த வாக்கு, பிள்ளையை நான் கூட்டிட்டுப் போயிட்டு வாரேன். மாசிக்கு அப்புறம் அவளுக்கு அம்பது வயசு வரைக்கும் போக முடியாதுல்ல” என்கிறார். மாமியார், வருஷம் திரும்பாத வீட்டில் மாலை போடவே கூடாது என்கிறார். இரண்டு பேரும் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதில்லை. நான் நடுவில் நிற்கிறேன். எனக்கு 36 வயது, கூடப் போகவும் முடியாது. அனுப்பட்டுமா, வேண்டாமா? அந்தப் படத்தைக் காட்டியது என் தப்பா? என் பிள்ளைக்குப் புத்தி ஏதாவது ஆகிவிட்டதா? பதில் எழுதுங்கள் மேடம்.

ஒரு தாய், குமுளி

•

அன்புள்ள தங்கைக்கு,

இன்றைக்கே செய்ய வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். அந்த மூட்டை விளையாட்டுக்குக் கட்டியது இல்லை. வழிச்செலவுக்குக் காசு எடுத்து வைத்திருக்கிறாள். கிளம்ப வேண்டும் என்ற எண்ணம் அவளுக்கு இருந்திருக்கிறது. திட்டாமல், பதறாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்: “எப்படிப் போகலாம்னு நெனச்ச? யார் கூட?” சொல்லிவிடுவாள். அப்புறம் “எங்க போறதா இருந்தாலும் நாம ரெண்டு பேரும் பேசிக்கிட்டுத்தான் போவோம்” என்று அவளிடம் ஒரு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள். வகுப்பு டீச்சரிடமும், பஸ் ஸ்டாண்டில் உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்த டிரைவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள். சீசன் கூட்டத்தில் ஒரு பிள்ளை தனியாக அகப்பட்டால் என்ன ஆகும் என்று உங்கள் ஊருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2011 ஜனவரி 14 அன்று சபரிமலைக்குப் போகும் காட்டுவழியில் உள்ள புல்மேட்டில் நெரிசலில் நூறு பேருக்கு மேல் இறந்ததை மறந்திருக்க மாட்டீர்கள்.

இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும். கேட்கவே உங்களுக்குப் பயமாக இருக்கும். “அப்பாகிட்ட போறதுக்காக நீயும் செத்துப் போகணும்னு எப்பவாவது தோணுச்சா?” கேட்பதால் இல்லாத எண்ணம் வந்துவிடாது. இருந்தால் வெளியே வரும். ஆமாம் என்றாலோ, பதில் சொல்லத் தயங்கினாலோ, அவளைத் தனியாக விடாமல் அன்றைக்கே 14416க்குப் போன் செய்யுங்கள். டெலி மனஸ் என்ற அரசாங்க மனநல உதவி எண் அது. கட்டணம் கிடையாது, ராத்திரியிலும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

சரி, இப்போது உங்கள் பயத்துக்கு வருகிறேன். உங்கள் மகளுக்குப் புத்தி ஒன்றும் ஆகவில்லை. பெரியவர்கள் சொன்னதை அவள் அப்படியே நம்பினாள், அவ்வளவுதான். “சாமிகிட்ட போயிட்டார்” என்று நம் வீடுகளில் எல்லாரும் சொல்கிறோம். வேறு ஊர்ப் பிள்ளைக்கு அது வானம், நட்சத்திரம், எட்டாத ஓர் இடம். குமுளியில் வளர்கிற பிள்ளைக்கு ஐயப்பன் இருக்கிற இடத்துக்கு பஸ் போகிறது. வண்டிப்பெரியாறு தாண்டி சத்திரத்துக்குப் போனால் புல்மேடு வழியாக நடந்தே போய்விடலாம். அதிலும் அவளுடைய அப்பா வருஷா வருஷம் கார்த்திகையில் அங்கேதான் போவார், இரண்டு மூன்று நாள் கழித்து வருவார். இந்த முறை வர நாளாகிறது. அவள் கணக்கில் தப்பே இல்லை தங்கச்சி.

மரியா நாகி என்பவர் ஹங்கேரியில் 3 முதல் 10 வயது வரை உள்ள பிள்ளைகளிடம் சாவைப் பற்றிக் கேட்டு எழுதிய ஆய்வு 1948இல் வெளிவந்தது. ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகள் சாவை ஒரு பயணம் போலத்தான் சொன்னார்கள். செத்தவர் வேறெங்கோ இருக்கிறார், சாப்பிடுகிறார், தூங்குகிறார் என்றார்கள். ஒன்பது வயதுக்கு மேல் உள்ளவர்களுக்கு, சாவு என்றால் உடம்பு நின்றுபோவது, அது எல்லாருக்கும் வரும் என்று தெரிந்திருந்தது. அதற்குப் பின் வந்த ஆய்வுகள், பல பிள்ளைகளுக்கு ஏழு வயதை ஒட்டியே இது புரிந்துவிடுகிறது என்கின்றன. ஆக, உங்கள் மகளுக்குப் புரிகிற வயதுதான். வீட்டில் கோழி செத்தால் அது திரும்ப வராது என்று அவளுக்குத் தெரியும். அப்பா விஷயத்தில் யாரும் அந்த வார்த்தையை அவளிடம் சொல்லவில்லை. முகத்தைக் கடைசியாகப் பார்க்கவும் வழியில்லாமல் போயிற்று. அவளைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் அன்பினால்தான் செய்தார்கள். ஆனாலும் அவளுக்கு மிஞ்சியது அப்பத்தா சொன்ன ஒரு வாக்கியம் மட்டும்தான்.

அதனால் அந்த வார்த்தையை நீங்கள் சொல்ல வேண்டும். ராத்திரி தூங்கப் போகும் நேரம் வேண்டாம். வேலை இல்லாத ஒரு நாள், பகலில், அவளுக்கு வயிறு நிறைந்திருக்கும்போது பக்கத்தில் உட்கார்த்தி வைத்துக்கொள்ளுங்கள். மாமியாரும் கூட இருந்தால் நல்லது. நான் சொல்வதாக இருந்தால் இப்படிச் சொல்வேன்: “அப்பா எங்கயும் பயணம் போகல பாப்பா. அப்பா இறந்துட்டாங்க. அன்னைக்கு ராத்திரி அவங்க நெஞ்சு துடிக்கிறது நின்னுபோச்சு. டாக்டரால திரும்பத் துடிக்க வைக்க முடியல. இறந்தவங்க திரும்ப வர மாட்டாங்க. அவங்களுக்குப் பசிக்காது, வலிக்காது, குளிராது. அவங்க உடம்பத் தகனம் பண்ணி, சாம்பல சுருளி ஆத்துல கரைச்சோம். ஒன்னைய விட்டுட்டுப் பண்ணிட்டோம். அதுக்கு அம்மாவ மன்னிச்சிரு.” தூங்கிவிட்டார், தூரமாகப் போய்விட்டார் என்ற சொற்களெல்லாம் வேண்டாம். இறந்துட்டாங்க என்ற சொல்லே வரட்டும். உங்களுக்குக் குரல் உடைந்தால் உடையட்டும், அழுங்கள். அப்பாவுக்காக அம்மா அழுவதை அவள் பார்க்கட்டும். நீங்கள் இத்தனை நாள் அடக்கிக்கொண்டதைப் பார்த்துத்தான் இந்த வீட்டில் அதைப் பற்றிப் பேசக் கூடாது போல என்று அவள் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

உங்கள் மாமியாரைக் குற்றவாளி ஆக்கிவிடாதீர்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய், அன்றைக்குத் தனக்கே சொல்லிக்கொண்ட ஆறுதலைப் பேத்திக்கும் கொடுத்திருக்கிறார். அதையும் பொய் என்று சொல்ல வேண்டாம். “அப்பத்தா சொன்னது அப்பாவோட உயிரப் பத்தி. அவங்க உயிர் சாமிகிட்ட இருக்குன்னு நாம நம்புறோம். உடம்பு இல்ல. அதனால சபரிமலைக்குப் போனாலும் அப்பாவப் பாக்க முடியாது” என்று சேர்த்துச் சொல்லுங்கள். ஒன்பது வயதுக்கு இந்த வித்தியாசம் பிடிபடும். நம்பிக்கையும் உண்மையும் ஒரே வீட்டில் இருக்கலாம். நம் பாட்டிமார் எல்லாரும் அப்படித்தான் வாழ்ந்தார்கள்.

உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்தது அந்தச் சீட்டு. நீங்கள் அதை ஏக்கம் என்று படித்திருக்கிறீர்கள். ஏக்கம் இருக்கிறதுதான். ஆனால் “இனிமே கேக்க மாட்டேன்” என்பதைத் திரும்ப ஒரு தரம் படியுங்கள். கடைசி நாள் அவள் கேட்டாள், அப்பா கோபப்பட்டார், அவள் பேசாமல் படுத்தாள், காலையில் அப்பா இல்லை. தான் அடம்பிடித்ததால்தான் அப்பா போய்விட்டார், இனி கேட்கமாட்டேன் என்று சொன்னால் வந்துவிடுவார் என்று ஆறு மாசமாக அந்தப் பிஞ்சு நெஞ்சில் சுமந்துகொண்டிருக்கிறது. இந்த வயதுப் பிள்ளைகள் நடக்கிற எல்லாவற்றுக்கும் தன்னைக் காரணமாக நினைத்துக்கொள்வது சாதாரணம். யாரும் கேட்காவிட்டால் சொல்லவும் மாட்டார்கள். நீங்களாகவே எடுத்துச் சொல்லுங்கள்: “நீ கேட்டதால அப்பாவுக்கு நெஞ்சுவலி வரல. பிள்ளைக கேக்குறதால, கோவிச்சுக்கிறதால யாரும் சாக மாட்டாங்க. நீ பேசாமப் படுத்தாலும் அப்பாவுக்கு ஒம்மேல பாசம்தான்னு எனக்குத் தெரியும்.” ஒரு தடவை சொன்னால் போதாது. அடுத்த வாரமும் சொல்லுங்கள், ஒரு மாசம் கழித்தும் சொல்லுங்கள்.

அதோடு சேர்ந்ததுதான் கடன் கேள்வி. படத்தில் கல்லுவின் அப்பா கடனால் அவமானப்பட்டுத் தன் உயிரைத் தானே முடித்துக்கொள்கிறார். பெரியவர்கள் நாம் கதை நகர்வதற்காக அந்தக் காட்சியைக் கடந்து போய்விடுகிறோம். அவள் அங்கேயே நின்றுவிட்டாள். “நம்ம அப்பாவுக்கும் கடன் இருந்துச்சா?” என்றால், நம் அப்பாவும் தானாகவே போய்விட்டாரா, என்னை வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனாரா என்று அர்த்தம். அதட்டியதை நினைத்து நொந்துகொள்ள வேண்டாம், அந்த இடத்தில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்போம். ஆனால் பதில் பாக்கி இருக்கிறது. “ஆமா, ஜீப்புக்குத் தவணை இருந்துச்சு. அத அம்மாவும் பெரியப்பாவும் பாத்துக்கிறோம். அப்பா அதனால சாகல. அவங்களா போகல. இருதயம் நின்னதால இறந்தாங்க. அவங்களுக்கு நம்மள விட்டுப் போக மனசே கிடையாது.” நேராக, முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

அன்றைக்குப் பாண்டி ஆடப் போனாளே, அதை மனசில் வைத்துக்கொள்ள வேண்டாம். பெரியவர்களின் துக்கம் நாள் முழுக்கத் தூறுகிற மழை மாதிரி. பிள்ளைகளுக்கு அது திடீரென்று கொட்டும், திடீரென்று வெறிக்கும். தாங்க முடியாததைக் கொஞ்சம் தொட்டுவிட்டு விளையாட்டுக்கு ஓடிப் போவார்கள், அப்புறம் திரும்பி வருவார்கள்.

படத்தைக் காட்டியது தப்பில்லை. அந்தப் படம்தான் ஆறு மாசமாக மூடியிருந்ததைத் திறந்துவிட்டது. இன்னொரு தடவை, அவளும் நீங்களும் மட்டும் உட்கார்ந்து பாருங்கள். அங்கங்கே நிறுத்திப் பேசுங்கள். கல்லு மலைக்குப் போனது அப்பாவைத் தேடி இல்லை என்று அவளுக்குக் காட்டுங்கள். அப்பா இறந்துவிட்டது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஐயப்பனைப் பார்க்கத்தான் போகிறாள். படம் முடியும்போது கல்லுவின் அப்பா திரும்பி வருவதில்லை. இதை உங்கள் மகள் பார்த்தும் பார்க்காமல் விட்டிருப்பாள். கூட வந்தவர் ஒரு போலீஸ்காரர் என்று கடைசியில் நமக்குக் காட்டுகிறார்களே, அதையும் பேசலாம். எனக்கு அந்த இடம் ரொம்பப் பிடிக்கும். பிள்ளைகளுக்கு அவர் ஐயப்பனாகவே இருக்கட்டும், ஆனால் பத்திரமாகக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது ஒரு மனுஷன். இன்னொன்றும் கவனியுங்கள். கல்லுவோடு துணைக்கு வர, கூடப் படிக்கிற பியூஷ் இருந்தான். உங்கள் மகளோடு பாண்டி ஆடுகிற பிள்ளைகளை அடிக்கடி வீட்டுக்கு வரச் சொல்லுங்கள்.

இனி மலைக்கு அனுப்புவதா என்ற கேள்வி.

அவளுக்கு இப்போது இருக்கிற எண்ணத்தோடு என்றால், வேண்டாம். பெரியப்பாவின் நல்ல மனசு எனக்குப் புரிகிறது. ஆனால் நினைத்துப் பாருங்கள். விரதம் இருந்து, மலை ஏறி, பதினெட்டாம் படி தாண்டி, அந்தக் கூட்டத்தில் ஒவ்வொரு கறுப்பு வேட்டியாக முகம் பார்ப்பாள். கண்ணாடியை யாரிடம் கொடுப்பாள்? அப்பா அங்கே இல்லை என்று தெரிகிற நிமிஷத்தில் அவளை அணைத்துக்கொள்ள நீங்கள் பக்கத்தில் இருக்க முடியாது. வைகாசியில் ஒரு முறை அவளைத் தனியாக விட்டாகிவிட்டது, இன்னொரு முறை வேண்டாம்.

உண்மையைச் சொல்லி, அவள் அழுது, நாலைந்து தடவை திரும்பத் திரும்பக் கேட்டு, “அப்பா அங்க இருக்க மாட்டாங்க, ஆனா அப்பா ஆசைப்பட்டதுக்காகப் போகணும்” என்று அவளே சொல்கிற நிலை வந்தால் பேச்சே வேறு. அப்போது அது உங்கள் குடும்பமும் குருசாமியும் கலந்து எடுக்கிற முடிவு. தீட்டுக் கணக்கு வீட்டுக்கு வீடு, ஊருக்கு ஊர் மாறுகிறது. நான் அதில் தலையிடுவது முறையில்லை. குருசாமியிடம் மாமியாரையும் அண்ணனையும் சேர்த்துக் கூட்டிப் போய்க் கேளுங்கள். அவர் சொல்வதை இருவரும் ஏற்பார்கள், ஒருவர் ஜெயித்து ஒருவர் தோற்றதாக இருக்காது. போவதாக முடிவானால், பம்பையில் போலீஸார் பிள்ளைகளின் கையில் பெயரும் போன் நம்பரும் எழுதிய பட்டை கட்டிவிடுவார்கள், அதைக் கட்டாமல் படி ஏற விட வேண்டாம் என்று பெரியப்பாவிடம் சொல்லுங்கள்.

போக முடியாது என்று முடிவானால் அதையும் அவளிடம் நேராகச் சொல்லுங்கள். அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், அந்த வார்த்தை அவளுக்கு எப்படிக் கேட்கும் என்று உங்களுக்கே தெரியும். வேறு வழி இருக்கிறது. மகரவிளக்கு அன்றைக்குப் பருந்தும்பாறையில் இருந்தும் பாஞ்சாலிமேட்டில் இருந்தும் ஜோதியைப் பார்க்க ஜனங்கள் கூடுவார்கள். அதற்கு மாலை வேண்டாம், வயதுக் கணக்கு இல்லை. அது ஜனவரி 14 அல்லது 15, அவளுக்குப் பத்து ஆவதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது. நீங்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்கலாம். மாமியார் சம்மதித்தால் அவரும் வரட்டும். பின்னால் வருஷம் திரும்பியதும் அச்சன்கோவிலுக்குப் போய் வரலாம். அங்கே ஐயப்பன் பூரணை புஷ்கலையோடு குடும்பஸ்தராக இருக்கிறார், பெண்கள் எந்த வயதிலும் கும்பிடலாம். இதெல்லாம் சபரிமலைக்கு ஈடு என்று நான் சொல்லவில்லை. அவளும் ஏற்கமாட்டாள். கோபப்படுவாள், படட்டும். கொடுத்த வாக்கு நிறைவேறவில்லை என்று அப்பா மேல் கோபம் வருவதும் துக்கத்தில் ஒரு பகுதிதான். “எனக்கும் அப்பா மேல சில நாள் கோவம் வருது” என்று நீங்கள் சொன்னால் அவளுக்கு மூச்சு வரும்.

அதற்கு முன்னால் ஒரு நாள் சுருளிக்குக் கூட்டிப் போங்கள். சாம்பல் கரைத்த இடத்தைக் காட்டுங்கள். யார் யார் வந்தார்கள், அப்பாவுக்கு என்ன சட்டை போட்டிருந்தீர்கள், யார் ரொம்ப அழுதார்கள், அவள் கேட்கிறதையெல்லாம் சொல்லுங்கள். வைகாசியில் அவளிடம் இருந்து எடுத்துக்கொண்டதைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரி அது. நீரில் ஒரு பூ விடச் சொல்லுங்கள். அந்தச் சீட்டையும் விட வேண்டும் என்று அவளாகக் கேட்டால் விடட்டும். நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

இவ்வளவும் செய்த பிறகும் தினமும் அப்பாவைத் தேடிக்கொண்டே இருந்தால், சாப்பாடு, தூக்கம், படிப்பு எல்லாம் கெட்டால், சேர்ந்து விளையாடுவதையே விட்டுவிட்டால், பிள்ளைகளைப் பார்க்கிற மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். துக்கம் பிள்ளையை விடாமல் பிடித்துக்கொண்டால் அதை நோயாகக் கருத ஆறு மாசத்தை ஒரு எல்லையாக 2022இல் வெளியான அமெரிக்க மனநல மருத்துவக் கையேடு சொல்கிறது. தேதி வந்ததும் நோய் என்று அர்த்தமில்லை. உங்கள் மகளுக்கு உண்மையான துக்கமே இனிமேல்தான் தொடங்கப்போகிறது, அவளுக்கு நேரம் கொடுங்கள். உங்களுக்கும்தான். 14416 என்ற எண் பிள்ளைக்கு மட்டும் இல்லை, ராத்திரி தூக்கம் வராமல் கிடக்கும்போது நீங்களும் பேசலாம்.

கடைசியாக அந்தக் கண்ணாடி. அதை வாங்கிப் பீரோவில் பூட்டிவிடாதீர்கள். அமெரிக்காவில் பாஸ்டன் பக்கம் அப்பாவையோ அம்மாவையோ இழந்த 125 பிள்ளைகளை ஆய்வாளர்கள் இரண்டு வருஷம் அவ்வப்போது சந்தித்துப் பேசினார்கள். அவர்களில் பெரும்பாலோர் இறந்தவருடைய ஏதாவது ஒரு பொருளைத் தங்களிடம் வைத்திருந்தார்கள். இறந்துவிட்டார் என்று தெரிந்தேதான் வைத்திருந்தார்கள். நீங்கள் எல்லாம் சொல்லி முடித்த பிறகு அவள் அந்தக் கண்ணாடியைப் பற்றிக் கேட்பாள். “அப்பாவுக்கு இனி கண்ணாடி வேண்டாம் பாப்பா. அப்பா மறந்துட்டுப் போகல. இது இனிமே ஒன்னுது” என்று சொல்லி, வாங்கித் துடைத்து, திரும்ப அவள் கையிலேயே கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் அக்கா